திருநீலகண்டத்து ஆணை

சைவ சமயம் துறவினையே சிறப்பித்து இல்வாழ்க்கையை இழித்துரைப்பது என்னும் எண்ணம் சிலர்பால் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பட்டினத்தடிகள் போன்றோர் பாடல்களை மட்டும் பயின்றார்க்கு அவ்வெண்ணம் எழுதல் இயல்பே. திருத்தொண்டர் வரலாறுகளை எடுத்து நோக்குவார்க்கோ உண்மை வேறாகத் தோன்றும். நம்பியாரூரர் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகை 11 திருப்பாட்டுக்களால் ஆயது. அதன்கண் போற்றப்பெறும் தனியடியாருட் பெரும்பாலார் ஊரில் மனையறம் பூண்டு, தத்தம் குலத்தொழில் செய்து, அத்தொழிலையே தொண்டாக்கியவர். ஏகாலியர், சாலியர், பரதவர், செக்கார், வேளாளர், வணிகர், அந்தணர், அரசர் என எல்லாரும் அக்கூட்டத்துள் உளர்.

தொகையடியாராகிய தில்லைவாழ் அந்தணர்க்கு அடுத்தபடியாக, தனியடியாருள் முதல்வராக வைத்து வணங்கப்பெற்றவர் தில்லைப் பதியின் குயவர் ஒருவர். அவர் கற்கோயில் எடுத்தவரல்லர், பதிகம் பாடியவரல்லர், புறச்சமயத்தாரை வாதில் வென்றவரும் அல்லர். அவர் வரலாறாவது, கணவன் மனைவி என்னும் இருவரிடையே ஒரு சிறு மனையில் நேர்ந்த பிணக்கின் வரலாறு. அப்பிணக்கு அடியார் வரலாறுகட்கெல்லாம் முன்னின்றது எதனால் என்பது ஆராயற்பாலது. அதனை அறிதற்குத் தமிழகத்தில் அதற்கு முன்னிருந்த வழக்கினை முதற்கண் அறிதல் வேண்டும். முன்னை வழக்கு இன்னதென அறியாதார்க்கு இவ்வரலாற்றின் புதுமை புலப்படாது.

பண்டைத் தமிழ் அகப்பொருளில் மருதத்திணைக்கு உரிப்பொருள் ஊடல். வயலும் வளமும் மிக்க ஊரில் தலைவன் பரத்தையர் சேரி சென்று மீள்வான். தலைவி வாயில் மறுத்து ஊடுவாள். அவ்வூடல் தீர்த்தற்பொருட்டு இடைநிற்பாரை வாயில்கள் என்பர். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர் முதலாயினோரை வாயில்களாகத் தொல்காப்பியக் கற்பியல் எண்ணிக் கூறுகின்றது. ஐங்குறுநூற்றின் முதல் நூறு ஓரம்போகியார் பாடிய மருதம். அதனுள் இவ்வொழுக்கத்தின் நுட்பங்கள் பலவும் காணப்படும். புலவர் அவற்றை இன்சுவைபடப் பாடினர். ஆயினும் அச்சுவையின் அடியில் கிடக்கும் நடைமுறை ஒன்று உண்டு. தவறு தலைவன்பாலது; தீர்தல் தலைவிபாலது. விருந்தொன்று வந்தால் அவள் முகம் மலர்த்தல் வேண்டும். புதல்வன் ஓடிவந்து தந்தையைத் தழுவினால் அவள் சினம் ஆறல் வேண்டும். எவ்வாற்றானும் ஊடல் ஒரு பொழுதினதாக, ஒரு நாளினதாக முடிதலே மரபு. நீண்ட ஊடல் துனி எனப்பட்டு விலக்கப்பட்டது.

இவ்வழக்கினைத் திருவள்ளுவர் பெரிதும் மாற்றினார். வரைவின் மகளிரைப் பொருட்பாலில் வைத்துக் கடிந்தார். காமத்துப்பாலில் பரத்தையிற் பிரிவுக்கு அதிகாரம் வகுத்திலர். ஊடலைக் காதலின் சுவை மிகுப்பதாக மட்டும் கொண்டு ஊடலுவகையோடு நூலை முடித்தார். சிலப்பதிகாரத்துக் கண்ணகியோ ஊடலும் செய்திலள். கணவன் மாதவிபால் இருந்த காலமெல்லாம் வாளாவிருந்து, மதுரையில் அவன் கொலையுண்ட அன்று காலைதான் அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என ஒரு சொற் கூறினாள். அச்சொல் அவனைத் திருத்துதற்குரிய காலம் அப்போது கழிந்துவிட்டது.

இனித் திருநீலகண்டர் வரலாறு வளர்ந்த வகையினை நோக்குதல் வேண்டும். கி. பி. 8-ஆம் நூற்றாண்டினர் என ஆராய்ச்சியாளர் பலராலும் கொள்ளப்படும் நம்பியாரூரர் திருநீலகண்டத்துக் குயவனார் என்னும் பெயரளவில் நின்றார். மனைவியையோ பிணக்கினையோ அவர் குறித்திலர். திருவந்தாதி அருளிய நம்பியாண்டார் நம்பி ஒரு திருப்பாட்டில் வரலாற்றின் என்புக்கூட்டினைத் தந்தார். மனைவியார் சிவபெருமான்மேல் ஆணை கூறினமை, கணவனார் அவர்மேற் சென்ற ஆசையை அப்பொழுதே துறந்தமை, இருவரும் மூத்தமை, பின்னர் உமைகோன் அருளால் அம்மனைவியாரோடு இளமை பெற்று இன்பம் மிக்கமை ஆகிய இவ்வளவே அதன்கண் உள்ளன. ஆணை எதனால் எழுந்தது, முதுமையினின்று இளமை எங்ஙனம் வந்தது என்பன அங்கு இல்லை. இவற்றை விரித்தவர் சேக்கிழார் பெருமான். இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133-1150) காலத்து அமைச்சராய் விளங்கிய அவர், நாட்டு வழக்கிலும் ஊர்ச் செய்தியிலும் ஆராய்ந்தறிந்தனவற்றை வகைநூலொடு பொருத்தித் திருத்தொண்டர் புராணம் இயற்றினார். தொகையில் ஒரு பெயர், வகையில் ஒரு பாட்டு, விரியில் ஒரு புராணம் என இவ்வரலாறு வளர்ந்தது.

விரிநூல் கூறும் செய்தி சைவர் யாவரும் அறிந்ததேயாயினும், அதனைச் சேக்கிழார் அமைத்த முறை ஊன்றி நோக்கத்தக்கது. நாயனார் அடியார்க்குத் திருவோடு அளித்தலைத் தொண்டாகக் கொண்டவர். இறைவன் நஞ்சுண்டு பிறரைக் காத்த கண்டத்தை நினைந்து திருநீலகண்டம் என ஓவாது ஓதுபவர். இத்தகையார் இளமை மிகுதியால் இன்பத்துறையில் எளியராயினார் எனச் சேக்கிழார் சொல்லுகின்றார். குற்றத்தை மறைத்தலும் இல்லை. பெரிதாக்கிப் பழித்தலும் இல்லை. பரத்தைபாற் சென்று மீண்ட அவரை மனைவியார் பொறாராயினார். இதுவரை மருதத்திணையின் பழைய நெறியே.

அதற்குமேல் நிகழ்ந்ததுதான் புதிது. கணவனார் இரந்து நெருங்கியபொழுது அம்மையார், தம்மைத் தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவ்வாணையில் தம்மைக் குறிக்க அவர் கூறிய சொல் எம்மை என்பது. ஒருமையாகக் கூறவேண்டியதை வெகுளியிற் பன்மையாற் கூறினார் என்று கொண்டு அமைதல் எளிது. நாயனார் அங்ஙனம் கொண்டிலர். பன்மையாற் கூறினமையின் அவ்வாணை மாதரார் எல்லாரையும் உட்கொண்டது எனத் துணிந்து, மற்றை மகளிரையும் மனத்தினும் தீண்டாமை மேற்கொண்டார். வழக்குரைப்பார் ஆணையின் சொல்லிற் புரைதேடித் தப்புவர். இவர் அச்சொல்லின் அகலத்தை நாடித் தம்மைக் கட்டினார். ஓர் உருபு ஏற்ற ஒரு பெயர்ச்சொல்லின் எண் இங்கே ஒருவர் வாழ்நாள் முழுமையையும் ஆண்டது.

அம்மையார் தம் பெயரால் ஆணையிட்டிருப்பின் அது ஊடலாய் ஒழிந்திருக்கும். ஊரவர் பெயரால் இட்டிருப்பின் வழக்காய் முடிந்திருக்கும். கணவனார் உயிரினும் ஓம்பிய திருநாமம் எதுவோ அதன்மேல் இட்டார். அவரை வெளியினின்று யாரும் தடுத்திலர். தம் அன்பே அவரைத் தடுத்தது. அவ்வாணை தம் கணவனாரைக் கட்டும் என அம்மையார் துணிந்ததே அவர்பால் அம்மையார்க்கு ஒழியாதிருந்த நம்பிக்கைக்குச் சான்று. பரத்தைபாற் சென்றானை ஒறுத்த சொல்லுக்குள்ளேயே, அவன் இறைவன்பால் வைத்த அன்பில் வஞ்சம் இல்லை என்னும் தெளிவும் கிடக்கின்றது. இருவர்க்கும் பொதுவாகிய வழிபடு பொருள் ஒன்று அம்மனையில் முன்னரே இருந்தமையின் இஃது இயன்றது. அது இல்லாத மனையில் எவர்மேல் ஆணையிடினும் பயன் யாது?

நஞ்சினை விழுங்காமலும் உமிழாமலும் கண்டத்தில் நிறுத்திய பெருமானது செயலை அம்மையார் சினத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நெஞ்சம் விழையும். சேக்கிழார் அவ்வொப்புமையைக் கூறிற்றிலர். நூலாசிரியர் கூறாததனை அவர்மேல் ஏற்றுதல் வேண்டா. அவர் கூறியது பிறிதொன்று. ஆணை பிறந்த பின்னரும் அம்மையார் மனைவாழ்க்கைக்குரிய பிற கடன்களை யாதும் வழுவாது செய்தார். கணவனார் தொண்டும் தொழிலும் முன்போல் நடந்தன. புணர்ச்சியின்மை ஒன்று மட்டும் அயலார் அறியாவண்ணம் இருவரிடையே நின்றது. பழைய மருதப் பாட்டில் ஊர் முழுதும் அலர் கூறும். பாணனும் தோழியும் இல்வாயிலில் நிற்பர். இங்கே வாயிலும் இல்லை, அலரும் இல்லை. இளமை கழிந்து முதுமை வரும்வரை ஒரு சிறிய மனைக்குள் அம்மறை காக்கப்பட்டது.

அந்நீண்ட காலத்தின் விலையாது என்பதனைச் சேக்கிழார் வெளிப்பட உரைத்திலர். ஆயினும் பின்னிகழ்ச்சியில் அது தானே புலப்படுகின்றது. சிவயோகியாய் வந்த பெருமான் தாம் அடைக்கலமாகத் தந்த ஓட்டினை மறையச் செய்து, பின் வந்து கேட்டு, நாயனார் அதனைக் கவரவில்லையாயின் மகனைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சூளுரைக்குமாறு பணித்தார். நாயனார் தமக்கு மகன் இல்லை என்றார். ஒரு சொல்லில் அடங்கிய அவ்விடையில் அம்மனையின் வெறுமை முழுதும் கிடக்கின்றது. மகப்பேறு இழந்தவர் நாயனார் மட்டும் அல்லர். தவறு செய்யாத அம்மையாரும் இழந்தார். குற்றம் ஒருவரதாயினும் அதன் பயனை இல்லறத்தில் இருவரும் நுகர்வர் என்பதை இவ்வரலாறு மறைத்திலது. கணவன் திருந்தியதைப் பாராட்டும் உரையாளர் பலர் இவ்விடத்தைக் கடுகிக் கடந்து செல்வது பொருத்தமன்று. கதையை நடத்திய ஆணைக்கு உரியவராகிய அவ்வம்மையாரின் இயற்பெயரையும் புராணம் கூறவில்லை என்பது நினைக்கற்பாலது.

மகன் இல்லையாயின் மனைவியின் கைப்பற்றி மூழ்குக என்றார் யோகியார். தம்முள் ஒரு சபதம் உண்மையின் அது செய்தற்கு இல்லை என நாயனார் மறுத்தார், அதன் விவரம் கூறிற்றிலர். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் பேரவைக்குச் சென்றது. ஓட்டினைக் கவர்ந்தவன் என்னும் பழியைத் தாங்கவும் ஒருப்பட்டவர், மனைவியாரிடத்துத் தமக்கு நேர்ந்த நிலையைச் சொல்ல ஒருப்பட்டிலர். அவையத்தார் மூழ்கித் தருதலே முறை எனத் தீர்த்தபின், திருப்புலீச்சரத்து முன்னுள்ள குளத்தில் ஒரு மூங்கிற்றண்டின் இருதலையையும் இருவரும் பற்றி இழிந்தனர். கைப்பற்றுக என யோகியார் பின்னும் வற்புறுத்தினார். வேறு வழியின்மையால் நாயனார் முன்னைச் செய்தி முழுதையும் அங்கு நின்றார் அனைவரும் கேட்க எடுத்துரைத்தார். தம் பிழையையும், ஆணையையும், அதனைத் தாம் காத்த வகையையும் ஊரறியக் கூறி மூழ்கினார். எழுந்தபொழுது இருவரும் முதுமை நீங்கியிருந்தனர்.

உண்மை வெளிப்பட்டபின் அன்றோ இளமை வந்தது? ஓடு மறைந்ததும் வழக்கு எழுந்ததும் இதன்பொருட்டே எனல் பொருந்தும். ஓட்டின் களவு பொய். அதனை விளக்கப் புகுந்த இடத்தில் வெளிப்பட்டதோ மனையின் மெய். இருவர் தமக்குள் காத்த மறை அவர் ஒழுக்கத்தைக் காத்தது; அதனை வெளியிட்டது அவர்க்குத் தளர்ந்த வாழ்நாளை மீட்டது. சித்தாந்த முறையில் நோக்கின், இடைக்கிடந்த ஆண்டுகள் மலபரிபாகம் நிகழ்தற்குரிய காலமாகவும், யோகியார் வரவு சத்திநிபாதமாகவும் கொள்ளக் கிடக்கின்றன. உமையம்மையாரோடு விடைமேற் றோன்றிய பெருமான், ஐம்புலன்களை வென்றீர் என அவ்விருவரையும் ஒருங்கு விளித்து, அவ்விளமை நீங்காது தம்பால் இருக்க அருளினார். அவ்விளியின் பன்மை குறிக்கொள்ளத்தக்கது. நோன்பு ஒருவருடையதாகவும் மற்றவர் அதற்குத் துணையாகவும் அங்குப் பிரிக்கப்படவில்லை. எம்மை என்னும் பன்மையில் தொடங்கிய வரலாறு இருவரையும் அடக்கிய பன்மையில் முடிகின்றது.

திருநீலகண்டம் என்பதனை ஆணைமொழியாகக் கொள்ளும் வழக்கு இவ்வொரு வரலாற்றோடு நின்றதன்று. திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது அடியார்களைப் பனிப்பிணி வருத்த, அதனைத் தீர்க்கத் திருநீலகண்டப் பதிகம் அருளினார் என்பது வரலாறு. அதன் பாட்டுக்கள் முடியுமிடத்தெல்லாம், செய்த வினை அடியாரைத் தீண்டலாகாது என அத்திருநாமத்தின்மேல் ஆணை நிற்கின்றது. தீண்டுதல் என்னும் அதே வினைச்சொல்லையும், தன்மைப் பன்மையையும், அதே திருநாமத்தையும் சேக்கிழார் அம்மையார் வாய்மொழியில் வைத்தமை தற்செயல் எனல் ஆகாது. தேவாரத்தில் வினையைத் தடுத்த ஆணை, புராணத்தில் வினைக்கு வித்தாகிய ஒழுக்கத்தைத் தடுத்தது. அப்பதிகம் பிறந்த செங்குன்றூரே இக்காலத்துத் திருச்செங்கோடு. அங்கு இறைவன் மாதொரு பாகனாய் எழுந்தருளியிருத்தலும் இங்கு நினைவிற்கு வரும்.

இனி, ஒரு தடை எழலாம். திருநீலகண்டர்க்கு அடுத்து நிற்பவர் இயற்பகையார். மனைவியையே வேண்டிய அடியார்க்கு அவரைக் கொடுத்த அவர் வரலாறு மனையறத்திற்கு மாறன்றோ என்பது. அவர் பெயரே இதற்கு விடை. உலகியற்கைக்குப் பகையானவர் என்பது அதன் பொருள். அவர் சுற்றத்தார் வாளேந்தி எதிர்த்ததனையும் சேக்கிழார் மறையாது உரைத்தார். 12-ஆம் நூற்றாண்டினதாகிய திருக்களிற்றுப்படியார் சிவதன்மத்தை மெல்வினை, வல்வினை என இரண்டாக்கிச் சிறுத்தொண்டர், சண்டேசர் ஆகியோர் செயல்களை வல்வினையுள் வைத்தது. அவ்வளவையால் இயற்பகையார் செயலும் வல்வினையே. உலகினர் நின்றொழுகுதற்குரிய நெறியாக அதனைக் கொள்ளுதல் நூற்கருத்தன்று.

வலிய தடை இயற்பகையாரிடத்து இல்லை. திருத்தொண்டத்தொகை அருளிய நம்பியாரூரர் வரலாற்றிலேயே உள்ளது. அவர் திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்தவர். பின்னர்த் திருவொற்றியூரிற் சங்கிலியாரைக் கண்டு விழைந்து, இறைவனைத் தூதாக்கினார். பிரியேன் என்னும் சூளுறவினைச் சங்கிலியார் வேண்டுவர் என அறிந்து, அப்பொழுது சன்னிதியை விட்டு மகிழமரத்தடியில் இருந்தருளுமாறு இறைவனையே இரந்தார். இறைவனோ சங்கிலியார்க்குக் கனவில் தோன்றி, சன்னிதியில் வேண்டா, மகிழின்கீழ்ச் சூள் பெறுக எனக் கூறிவிட்டான். ஆரூரர் அகப்பட்டார். வேடிக்கைபோல் தோன்றும் இந்நிகழ்ச்சியில் இறைவன் தோழமைக்காக நீதியை நெகிழ்த்திலன் என்பதும், தெய்வச் சான்றினைப் பெண்பாலார்க்கே உரிமையாக்கினான் என்பதும் தெளிவாம். பின்னர் ஆரூரர் திருவாரூர் வசந்த விழாவினை நினைந்து சூள் பிழைத்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

இரண்டு ஆணைகளும் ஒருங்குவைத்து நோக்கற்பாலன. ஒன்று மனைவி இட, கணவன் காத்தது; மற்றொன்று கணவன் தானே செய்து, தானே பிழைத்தது. ஒன்றினைக் காத்தவன் கல்லாக் குயவன். மற்றதைப் பிழைத்தவர் தம்பிரான் தோழர். புராண முறைப்படி ஆரூரர் திருத்தொண்டத்தொகை பாடியது ஒற்றியூர் மணத்திற்கு முற்பட்டது. ஆதலின் ஆணையைக் காத்தவரைத் தனியடியாருள் முதல்வராக வைத்துப் பாடிய வாயே பின்னர்ச் சூளுரைத்துத் தவறியது என்றாகின்றது. சேக்கிழார் இதனை எடுத்துக்காட்டி இடித்துரைத்திலர். ஆயினும் அவர் இந்நிகழ்ச்சிகளை வைத்த இடம் ஒன்றே போதும். ஒற்றியூர் மணமும், கண்ணிழப்பும், அதன் பின்னைப் பரவையார் ஊடலும் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள்ளே வைக்கப்பட்டுள்ளன.

அங்குதான் பழைய மருதம் முழு உருவோடு மீண்டும் தோன்றுகின்றது. ஒற்றியூர்ச் செய்தி கேட்ட பரவையார் ஆரூரர்க்கு வாயில் அடைத்தார். சென்றவர் சொல் ஏறவில்லை. ஆரூரர் வேண்ட, இறைவன் தாமே நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் நடந்து, முதலில் அருச்சகர் வடிவிலும், அவர் மறுத்தபின் தம் வடிவிலும் சென்று தூதுரைத்தான். தொல்காப்பியர் எண்ணிய வாயில்களின் இடத்தில் இறைவனே நின்றான். அன்பர்க்கு எளியனாம் பெருமானது அருளை வியந்து இதனைப் பாடாத புலவர் இல்லை. ஆயினும் அச்செயலைக் கேட்டு ஒருவர் உள்ளம் கொதித்தார். ஆண்டவனை ஒரு பெண்பாற் காமத்திற்குத் தூதனுப்புவது தொண்டோ என்று ஆரூரரை வெறுத்தவர் கலிக்காமர். அவர்க்கு இறைவன் சூலைநோய் தந்து, அது ஆரூரரால் தீரும் என்றபொழுது, அவர் வந்து தீர்க்குமுன் உயிர்விடுதலே தக்கதென உடைவாளால் வயிற்றைக் கிழித்தார். அவர் மனைவியார் உடன் உயிர்விடத் துணிந்தவர், ஆரூரர் வருகின்றார் எனக் கேட்டு, அழுகையை விலக்கி, விருந்தினரை முறைப்படி எதிர்கொள்ளச் செய்தார். ஆரூரர் உண்மை அறிந்து தம் உயிரையும் மாய்க்கப் புக, கலிக்காமர் இறையருளால் உயிர்பெற்றெழுந்து அவர் கையைப் பற்றித் தடுத்தார். அன்று தொடங்கி இருவரும் நண்பராயினர். மானக்கஞ்சாறர் மகளாரை மணந்தவர் இக்கலிக்காமரே.

இவ்விருவருள் யார் பக்கம் சேக்கிழார் என வினவின் விடை எளிதன்று. ஆரூரர் அவர் காப்பியத் தலைவர். அவர் இருமணமும் கயிலையிற் கமலினி, அநிந்திதை என்னும் இருவரோடு பிணைந்த பழவினையின் விளைவு எனத் தொடக்கத்திலேயே காரணம் கூறப்பட்டது. ஆயினும் அதனைக் காரணமாக்கிச் சூள்பிழைத்த குற்றத்தை அவர் கழித்திலர். கண்ணிழந்த தண்டனையை முழுமையாக உரைத்தார். அச்செயலை வெறுத்தவரையும் நாயனார் என்றே போற்றி, அவ்வெறுப்பின் புராணத்துள் அச்செயலை அடக்கினார். தோழமை பெரிதா, வாய்மை பெரிதா என்னும் வழக்கில் வாய்மையின் பக்கத்துச் சான்றினை அவர் ஒரு காலும் குறைத்திலர்.

இவ்வொற்றியூர்ச் செய்தி சேக்கிழார்க்குப் பின் விரைவில் நாடறிந்த விழாவாயிற்று. இரண்டாம் இராசாதிராச சோழனது 9-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று திருவொற்றியூரில் உள்ளது. படம்பக்க நாயகர் பங்குனி உத்திரத் திருவிழாவில் மகிழின்கீழ் ஆளுடைய நம்பி புராணம் கேட்கப்பட்டபொழுது அரசன் உடனிருந்த செய்தி அதனால் அறியப்படுகின்றது. சூளுரைத்த மரத்தடியிலேயே சூள்பிழைத்த வரலாறு அரசன் முன்னர் ஓதப்பட்டது. அதற்குச் சிறிது முன்னர் இரண்டாம் இராசராசன் (1146-1173) எடுத்த தாராசுரத்துத் திருக்கோயிலில் நாயன்மார் வரலாறுகள் பெயர்பொறித்த சிறு சிற்பங்களாக வரிசையாய் அமைக்கப்பட்டன. ஓலையில் இருந்த புராணம் ஒரு தலைமுறைக்குள் கல்லிலும் விழாவிலும் ஏறியது. எழுத்தறியாத குயவரும் உழவரும் அவற்றைக் கண்டும் கேட்டும் தத்தம் மனைவாழ்க்கையை அவற்றோடு அளந்திருப்பர்.

19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) பெரியபுராணத்தை வசனமாக்கி 1852-இல் அச்சிட்டபின், அது மடங்களையும் புலவர் கூட்டத்தையும் கடந்து இல்லங்கட்குள் புகுந்தது. பிள்ளைகட்கென அவர் எழுதிய நான்காம் பாலபாடத்தில் கொலை, களவு ஆகியவற்றோடு வியபிசாரத்தையும் வைத்துக் கண்டித்தார். அக்கண்டனம் கணவன் மனைவி இருபாலார்க்கும் உரியது. கற்பு என்னும் சொல்லைப் பெண்டிர்க்கு மட்டும் உரிமையாக்கிப் பேசும் வழக்கு அக்காலத்தும் பின்னும் வலிவுற்றே இருந்தது. அவ்வழக்கினர் பலர் பெரியபுராணத்தைச் சான்றாக எடுத்தாண்டதும் உண்டு. அவர் திருநீலகண்டர் புராணத்தை மட்டும் சான்றாக எடுக்க இயலாது. அதன்கண் ஆயுள்வரை கற்பு நோற்றவர் கணவர். அந்நோன்பினை விதித்தவர் மனைவி. அது தக்கதே என ஏற்றுக்கொண்டவன் அம்மை ஒருபாலுடைய அப்பன்.

தில்லையில் நடராசப் பெருமான் கோயிலுக்கு மேற்கே உள்ள திருப்புலீச்சரம் இன்று இளமையாக்கினார் கோயில் என வழங்குகின்றது. அதன் முன்னர்க் குளம் உண்டு. தை மாதத்து விசாகம் திருநீலகண்ட நாயனார் குருபூசை நாள். அன்று முதிய இணையர் உருவாய் நாயனாரும் அம்மையாரும் குளத்தில் இழிந்து இளையராய் எழுந்த ஐதிகம் அங்கு நடத்திக் காட்டப்படுகின்றது. ஒற்றியூரிலோ மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுகின்றது. ஆரூரர் சங்கிலியார்க்குச் சூளுரைத்த அந்நிகழ்ச்சியே அங்கு மரத்தடியில் ஆண்டுதோறும் காட்டப்படுவது.